ஹப் டைனமோ: 1.5 வாட்டா, 3 வாட்டா?

வணக்கம். மழை, குளிர் பாராமல் வருடம் முழுக்கச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். திரும்பும்போது நன்றாக இருட்டிவிடும், பாதி வழியில் தெருவிளக்கே கிடையாது. இப்போது இருப்பது டயரில் உரசி ஓடும் பாட்டில் டைனமோ. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து நனைந்த டயரில் அதன் உருளை வழுக்குகிறது. விளக்கு மினுக்மினுக்கென்று துடித்து, ஒரு குழியில் இறங்கினால் அணைந்தே போகிறது.

உருளைக்கு ரப்பர் உறை போட்டேன், ஸ்பிரிங் அழுத்தத்தைக் கூட்டினேன். டைனமோவின் அச்சு சக்கரத்தின் மையத்தைப் பார்க்கும்படி கோணத்தைத் திருத்தினேன். வயர், எர்த் எல்லாம் சுத்தம் செய்தாயிற்று. காய்ந்த நாளில் ஒரு குறையும் இல்லை, ஈரம் பட்டால் பழைய கதைதான். பேட்டரி விளக்கும் வைத்துப் பார்த்தேன்; கடுங்குளிரில் வீடு சேர்வதற்குள் மங்கிவிடுகிறது.

சரி, முன்சக்கரத்தையே ஹப் டைனமோவோடு, அதாவது சக்கரத்தின் நடு அச்சிலேயே அமைந்த டைனமோவோடு, கட்டிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். 700சி சக்கரம், 36 கம்பி, ரிம் பிரேக், ஃபோர்க் இடைவெளி 100 மி.மீ. முன்னும் பின்னும் எல்இடி. எதிரே வருபவருக்குக் கண் கூசாதபடி மேல்பக்கம் வெட்டிய ஒளி வேண்டும், சிக்னலில் நிற்கும்போதும் எரிய, மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் கெப்பாசிட்டர் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குழப்பம் ஹப்பில்தான். வழக்கமானது 6 வோல்ட், 3 வாட். 1.5 வாட் ஹப் மிதிக்க இலகு. ஆனால் இருட்டுப் பகுதியில்தான் நீண்ட ஏற்றம், அங்கே என் வேகம் மணிக்கு 10 கி.மீ.யைத் தாண்டாது.

அந்த வேகத்தில் 1.5 வாட் ஹப் இரண்டு விளக்கையும் துடிக்காமல், பாதை தெரியுமளவு எரிய வைக்குமா?