தராசு பற்றிய ஒரு பக்கக் குறிப்புக்கு உதவி தேவை

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

மளிகை, இனிப்பு, மீன் கடை நடத்தும் சபையாருக்காக ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. ஆதாரம் நீதிமொழிகள் 11:1, லேவியராகமம் 19:36: கள்ளத்தராசு கூடாது, நிறைகல் சரியாக இருக்க வேண்டும். வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். இடறுவது தராசுத் தட்டில்தான்.

எழுதி முடித்தவை: கடை திறந்ததும் தராசின் மட்டக் குமிழ் (தராசு சமமாக இருப்பதைக் காட்டும் நீர்க்குமிழ்) நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, அரசு முத்திரையிட்ட 1 கிலோ எடைக்கல்லை வைத்துச் சரிபார்ப்பது. மின்விசிறிக் காற்று தட்டில் நேராக அடித்தால் கிராம் ஆடும். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரை. இனிப்புக் கடையில்தான் பெரிய சிக்கல்: காலி டப்பாவை வைத்து 'டேர்' (டப்பாவின் எடையைக் கழித்துப் பூஜ்யமாக்கும் பொத்தான்) அழுத்தாவிட்டால், 60 கிராம் அட்டை கிலோ 500 ரூபாய் விலையில் 30 ரூபாய்க்கு விற்பனையாகிறது. "எல்லாக் கடையிலும் அப்படித்தானே" என்பதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ள முடியாது.

தெரிய வேண்டியவை: புளியை முன்கூட்டியே பொட்டலம் கட்டி வைத்தால் ஈரம் காய்ந்து எடை குறைகிறது. 500 கிராமுக்கு எவ்வளவு கூடுதலாகப் போடுகிறீர்கள், எத்தனை நாளில் மறுபடி நிறுக்கிறீர்கள்? ஐஸில் கிடந்த மீனை எவ்வளவு நேரம் வடியவிடுகிறீர்கள்? கூட்ட நேரத்தில் கடைப் பையன் டேர் அழுத்த மறக்காமலிருக்க என்ன ஏற்பாடு?

ஊரையும் மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள். மழைக்காலத்தில் வெல்லம் ஈரம் இழுக்கும், கணக்கே மாறிவிடும்.