திரை ஒளிர்கிறது, மோட்டார் சுழலவில்லை

சுவாமிமலை அன்பர்:

நாள்தோறும் கும்பகோணத்துக்கு மின் சைக்கிளில் சென்று வருகிறேன். பின்சக்கரத்தில் 250 வாட் மோட்டாரும் 36 வோல்ட் பேட்டரியும் கொண்ட சாதாரண வண்டி. சென்ற ஐப்பசி மழையில் நனைந்த மறுநாள், வண்டியின் திரை ஒளிர்ந்தது, அதில் பேட்டரிக் கோடுகள் முழுமையாகத் தெரிந்தன. ஆனால் ஆக்சிலேட்டரைத் திருகினாலும் மிதித்தாலும் மோட்டார் அசையவில்லை. கடைக்காரர் வண்டியைத் தொட்டும் பாராமல், மோட்டாரை இயக்கும் மின்பெட்டியான கன்ட்ரோலர் போய்விட்டது என்று கூறிவிட்டார். வீட்டுக்கு மிதித்தே திரும்பினேன்; அந்த வண்டியின் கனம் அன்றுதான் தெரிந்தது.

ஆக்சிலேட்டரும், மிதிப்பதை உணரும் பெடல் சென்சாரும் தனித்தனியானவை. இரண்டும் ஒரே இரவில் கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு. ஆகவே இரண்டையும் சேர்த்துத் தடுக்கக்கூடிய ஒன்றையே தேட வேண்டும் எனத் தோன்றியது. பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்துவதற்கென இரு பிரேக் பிடிகளிலும் சிறு சுவிட்ச் உண்டு. பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியை நிறுத்தி, இடப்பக்கப் பிடியிலிருந்து வரும் கம்பியின் இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு ஆக்சிலேட்டரை மெல்லத் திருகினேன். சக்கரம் சுழன்றது. பிடியின் மூட்டில் சேறு காய்ந்து இறுகியிருந்ததால், அது ஒரு நெல்மணி அளவு விலகியே நின்றிருக்கிறது. பிரேக் பிடித்திருப்பதாகவே கன்ட்ரோலர் கருதியிருக்கிறது. பழைய பல் துலக்கியால் தேய்த்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இணைப்பை மறவாமல் மீண்டும் மாட்டினேன். அதைக் கழற்றிய நிலையில் ஓட்டினால், பிரேக் பிடிக்கும்போதும் மோட்டார் தள்ளிக்கொண்டிருக்கும்.

மதுரை அன்பர்:

தங்கள் கோளாறு எண்ணெயோடு முடிந்தது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சமதரையில் நன்றாக ஓடும் வண்டி, மேம்பாலம் ஏறினால் திரையோடு சேர்ந்து அணைந்துவிடும். முழுமையாக சார்ஜ் செய்த 36 வோல்ட் பேட்டரி 42 வோல்ட் காட்ட வேண்டும். சார்ஜரில் பச்சை விளக்கு வந்த பிறகும் என்னுடையது 40.9 மட்டுமே காட்டியது. ஒரு வோல்ட்தானே என்று விட்டுவிட்டேன், அதுதான் தவறு. பேட்டரி வேலை தெரிந்தவர் திறந்து அளந்தபோது, தொடராக இணைந்த 10 செல் தொகுதிகளில் ஒன்பது 4.15 வோல்ட்டிலும் ஒன்று 3.55 வோல்ட்டிலும் இருந்தன. ஏற்றத்தில் சுமை கூடும்போது அந்த ஒன்று மட்டும் சரிய, பாதுகாப்புச் சுற்று மொத்தப் பேட்டரியையும் துண்டித்திருக்கிறது. மகள் வீட்டில் தங்கியிருந்த நான்கு மாதமும் சார்ஜ் தீர்ந்த நிலையிலேயே அதைப் போட்டுவைத்தது நான்தான். பாதியளவு சார்ஜுடன் நிழலில் வைத்திருக்க வேண்டும். பேட்டரியை மட்டும் தாங்களே பிரிக்க முற்படாதீர்கள்; லித்தியம் செல்லில் ஸ்க்ரூடிரைவர் முனை தவறிப் பட்டாலே தீப்பற்றக்கூடும்.

சுவாமிமலை அன்பர்:

தங்கள் பதிவைப் படித்ததும் வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்து, முழு சார்ஜில் என் பேட்டரியை அளந்து பார்த்தேன். 41.7 காட்டுகிறது. தேதியோடு சமையலறை நாட்காட்டியில் குறித்துவைத்திருக்கிறேன்; அடுத்த மாதம் மீண்டும் அளந்து இங்கே எழுதுகிறேன்.