பெட்டிக்குள் மிச்சம் கிடந்த ஓ ரிங்

வெள்ளவத்தை டூசி:

டீசல் பில்டரை வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்கிறவர்களுக்காக என் கதையை எழுதுகிறேன். மாற்றலாம். ஆனால் நான் மாற்றியது மாதிரி மாற்றக் கூடாது.

கார் அப்பா ஓடிய பழைய டொயோட்டா, டூசி (2C) என்ற டீசல் எஞ்சின். இரண்டு கிழமையாகக் கொழும்புக் காலி வீதியில் கொஞ்சம் இழுத்து ஓடினால் மூச்சு வாங்கியது. ஆக்ஸிலேட்டரை விட்டால் சரியாகும், மறுபடி மிதித்தால் அதே பிரச்சினை. வழக்கமாகப் பார்க்கிற கராஜ் பாஸிடம் போனில் சொன்னேன். "பில்டர் அடைச்சிருக்கும் தம்பி, மாத்துங்கோ" என்றார். எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டதற்கு, "பில்டருக்குப் பத்து நிமிஷம், அதுக்குக் கிட்டப் போறதுக்கு ஒரு மணித்தியாலம்" என்று சிரித்தார்.

அவர் சொன்னது சரிதான். என் காரில் பில்டர் இருப்பது எஞ்சினுக்குப் பின்பக்கம். மேலே வயர்க்கட்டு, குறுக்கே இரண்டு ஹோஸ், பக்கத்தில் ஒரு பிரேக் பைப். கண் போனால் கை போகாது, கை போனால் கண்ணுக்குத் தெரியாது.

சாமான் வாங்குவதில் கஷ்டம் இருக்கவில்லை. 23303-64010 என்ற இலக்கத்தைச் சொன்னதும் பஞ்சிகாவத்தைக் கடைப் பொடியன் திரும்பியும் பார்க்காமல் கையைப் பின்னால் விட்டு எடுத்துத் தந்தான். பழைய டீசல் ஹைலக்ஸுக்கும் இதே பில்டர்தான், அதனால் எந்தக் கடையிலும் இருக்கும்.

போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் காலையில் ஃபிளாட்டின் கீழ் பார்க்கிங்கில் வேலையைத் தொடங்கினேன். காட்போர்ட் விரித்து, பழைய பிளாஸ்டிக் பேசினைக் கீழே வைத்தேன். டீசல் பட்டால் இறப்பர் ஊதிவிடும் என்பதால் கீழே இருந்த ஹோஸ்களைப் பொலித்தீன் பையால் மூடினேன். பில்டரின் அடியில் தண்ணீர் காட்டுகிற சென்சர் இருக்கிறது, அதோடு சேர்ந்தே வடிகட்டும் திருகும். வயரைக் கழற்றி, திருகைத் தளர்த்தி, ஜாம் போத்தலில் பிடித்தேன். முதலில் வந்தது டீசலே இல்லை. பிளேன்ரீ நிறத்தில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதற்குள் மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளிகள். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதையா இவ்வளவு நாளும் ஓட்டினீங்கள்?" என்று கேட்டுவிட்டு மேலே போய்விட்டா.

அடுத்தது கழற்றுகிற வேலை. பில்டர் ரென்ச் அந்த இடைவெளிக்குள் நுழையவே இல்லை. ஸ்குரூட்ரைவரால் குத்தித் திருப்பலாம் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். அதைச் செய்யாதீர்கள், தகரம் கிழிந்தால் பிறகு பிடிப்பதற்கே ஒன்றும் இருக்காது. கடைசியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, பில்டரைச் சுற்றி இறுக்கிப் பிடித்துத் திருப்பினேன். முழங்கை வரை சிராய்ப்பு, ஆனால் சுற்றியது.

பழைய பில்டரின் அடியிலிருந்து சென்சரைக் கழற்றிப் புதியதில் பூட்டினேன். பெட்டிக்குள் பெரிய இறப்பர் வளையம் ஒன்றும் சின்னது ஒன்றும் இருந்தன. பெரியதைப் போட்டேன். சின்னது வேறு ஏதோ மொடலுக்கு என்று நினைத்துப் பெட்டியிலேயே விட்டேன். அங்கேதான் பிழை விட்டேன்.

டீசலை இழுத்து நிரப்புவதற்காக, பில்டருக்கு மேலே உள்ள கைப்பம்பைக் கல் மாதிரி இறுகும் வரை அமுக்கினேன். ஸ்டார்ட் ஆனது. மரைன் டிரைவில் பம்பலப்பிட்டி வரை ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்தேன், பழைய இழுவை திரும்பியிருந்தது. அன்றைக்கு என்னைவிடப் பெரிய மெக்கானிக் கொழும்பில் இல்லை.

அடுத்த நாள் விடிய ஸ்டார்ட் ஆகி, அரை நிமிடத்தில் செத்துவிட்டது. கைப்பம்பு பஞ்சு மாதிரி. அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும், ராத்திரி நின்றால் மறுபடி அதே கதை. எங்கோ டீசல் ஒழுகுகிறது என்று டிஷ்யூவால் ஒவ்வொரு மூட்டாகத் துடைத்துப் பார்த்தேன். எல்லாம் காய்ந்தே இருந்தது. மூன்று நாள் இப்படிப் போனது.

இந்த எஞ்சினில் டாங்கியிலிருந்து டீசலை இழுப்பது இன்ஜெக்டர் பம்ப்தான். பில்டர் அந்த இழுவைப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மூட்டு சரியாக அடைபடாவிட்டால் டீசல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். நிறுத்தி வைத்தால் லைனில் உள்ள டீசல் மெதுவாக டாங்கிக்கே திரும்பி இறங்கிவிடும். ஒழுகலைத் தேடி நான் டிஷ்யூவைத்தான் முடித்தேன்.

மீன் தொட்டிச் சாமான் விற்கிற கடையில் உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம் வாங்கி, பில்டருக்கும் பம்புக்கும் நடுவே தற்காலிகமாகப் பூட்டினேன். எஞ்சின் ஓடும்போது சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி குமிழிகள் வரிசையாக ஓடின. கையை விட்டுச் சென்சரைத் தடவிப் பார்த்தபோதுதான் பெட்டி ஞாபகம் வந்தது. டாஷ்போர்ட் பெட்டிக்குள், சின்ன ஓ ரிங் அப்படியே கிடந்தது. அது சென்சருக்கானது. சென்சரில் இருந்த பழைய வளையம் தட்டையாகி, சதுரமாகவே போயிருந்தது. புதியதில் கொஞ்சம் டீசல் பூசிப் போட்டேன். குமிழி நின்றுவிட்டது. (அந்தப் பிளாஸ்டிக் குழாயைக் கழற்ற மறக்காதீர்கள், டீசலில் அது விறைத்து வெடிக்கும்.)

கொட்டாஞ்சேனை வான்காரன்:

அண்ணை, எனக்கு லைட்ஏஸ். எஞ்சின் முன்சீட்டுக்குக் கீழே, குனிந்து வேலை செய்து இடுப்புப் போய்விட்டது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கிடைத்த இடத்தில் கிடைத்ததைக் கேனில் வாங்கி ஊற்றினோமே, கியூஆர் கோட் பங்கீடு வருவதற்கு முதல், அதன் பலனைப் பிறகு அனுபவித்தேன். ஒரே மாதத்தில் இரண்டு பில்டர். இரண்டாவதையும் மாற்றிய பிறகும் வான் இழுக்கவில்லை. கடைசியில் பார்த்தால் டாங்கிக்குள் உறிஞ்சுகிற குழாயின் வலையிலேயே சேறு. டாங்கியை இறக்கிக் கழுவிய பிறகுதான் நிம்மதி. இப்போது மாதம் ஒரு தடவை பில்டரின் அடித் திருகைத் திறந்து அரைக் கிளாஸ் வடித்துப் பார்க்கிறேன்.

பழைய ஃபிட்டர்:

தம்பிமாருக்கு ஒரு விஷயம். புதுப் பில்டரில் டீசல் நிரப்பிப் பூட்டினால் கைப்பம்பு வேலை குறையும். ஆனால் சுற்றிவர இருக்கிற சின்னத் துளைகளுக்குள்தான் ஊற்ற வேண்டும். நடுத்துளை சுத்தமான பக்கம், அதில் ஊற்றினால் வடிபடாத டீசல் நேரே பம்புக்குப் போகும். கைப்பம்பு பழுதென்றால், இன்ஜெக்டர் பைப் நட்டுகளை 17 ஸ்பானரால் அரைச் சுற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். காற்று தும்மிக்கொண்டு வெளியேறி டீசல் வந்ததும் இறுக்கலாம்.

தெஹிவளை 520டி:

ஐயா சொன்னது பழைய எஞ்சினுக்குச் சரி. கொமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் டீசல் வைத்திருக்கிற புதிய வகை) எஞ்சின் வைத்திருக்கிறவர்கள் அந்த நட்டில் கை வைக்க வேண்டாம். உள்ளே 1,000 பாருக்கு மேல் அழுத்தம், பீறி வருகிற டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அப்படிப் பட்டால் காயம் ஊசி குத்தின மாதிரித்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

என் பிஎம்டபிள்யூவில் பில்டர் காருக்கு அடியில், பிளாஸ்டிக் மூடிக்கு மேலே. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். நான் ஸ்டாண்ட் இரவல் வாங்கும்வரை ஒரு கிழமை பொறுத்திருந்தேன். பூட்டிய பிறகு ஸ்டார்ட் பண்ணாமல் இக்னிஷனை மட்டும் போட்டுப் போட்டு நிறுத்தினேன், ஒவ்வொரு தடவையும் டாங்கிப் பம்ப் முனகிக்கொண்டு லைனை நிரப்பியது. ஐந்தாறு தடவைக்குப் பிறகு ஒரே அடியில் பிடித்தது.

வெள்ளவத்தை டூசி:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, நடுத்துளை விஷயம் நேரத்துக்குச் சொன்னீர்கள், அடுத்த தடவை அதில்தான் ஊற்றியிருப்பேன்.

வடித்த டீசலை என்ன செய்வதென்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். வடிகானில் ஊற்ற மாட்டேன், வெள்ளவத்தைக் கால்வாய் ஏற்கெனவே நாறுகிறது. போத்தலில் அடைத்துக் கராஜுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன், சாமான் கழுவ எடுத்துக்கொண்டார்கள். தரையில் சிந்தியதற்கு மரத்தூள் போட்டு இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். ஆனாலும் மணம் மூன்று நாள் நின்றது. நான்காம் மாடி அன்ரி கமிட்டிக்கு முறைப்பாடு எழுதிவிட்டா. இப்போது லிஃப்டில் கண்டால், "தம்பி, இந்தப் போயாவுக்கு என்ன கழட்டப் போறீங்கள்?" என்றுதான் கேட்கிறா.