பையனுக்கு ‘எழினி’ என்று பெயர் வைக்கலாமா?

காவிரிக்கரை:
எங்கள் பையனுக்கு இன்றோடு 40 நாள். பிறப்பைப் பதிந்தாயிற்று, பெயர் மட்டும் இன்னும் சேர்க்கவில்லை. நானும் மனைவியும் ‘எழினி’ என்று முடிவு செய்திருக்கிறோம். கேட்டதும் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத பெயராக இருக்க வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பே நாங்கள் பேசி வைத்தது. மகள் பிறந்திருந்தாலும் இதே பெயர்தான். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. “பொம்பளப் புள்ள பேருங்க மாப்பிள்ளை, பையன் பள்ளிக்கூடத்துல இருந்து அழுதுட்டு வருவான்” என்கிறார் மாமனார். அம்மா வாக்குவாதம் செய்வதில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லாமல் ‘சாமி’, ‘கண்ணு’ என்றே கூப்பிடுகிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மஞ்சள்மண்டி:
வேண்டாம் தம்பி. என் பெயர் ஜோதி. வயது 46. ஆறாம் வகுப்பில் முதல் நாள் ஆசிரியர் பையன்கள் பெயரையெல்லாம் வாசித்து முடித்தார், என் பெயர் வரவில்லை. அப்புறம் பெண்கள் பெயரில் பத்தாவதாக வந்தது. எழுந்து நின்று “உள்ளேன் ஐயா” என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த வருடம் முழுக்க நான் ‘ஜோதியக்கா’. கல்லூரியில் சேர்ந்தபோது விடுதிப் பட்டியலில் என்னைப் பெண்கள் விடுதியில் போட்டிருந்தார்கள். டிரங்குப் பெட்டியும் சுருட்டிய பாயுமாக, காலையிலிருந்து சாயங்காலம் வரை அலுவலகத்து வாசலில் அப்பாவோடு நின்றேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. பெயர் வைப்பது நீங்கள், தினமும் அதற்குப் பதில் சொல்லப் போவது அவன்.

கொல்லித்தேன்:
எழினி பெண் பெயர் என்று யார் சொன்னது? புறநானூற்றின் 158-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். முதிரமலைக் குமணனைப் பாட வந்த பெருஞ்சித்திரனார், அவனுக்கு முன்பிருந்த ஏழு வள்ளல்களை வரிசையாகச் சொல்கிறார். பறம்பின் பாரி, எங்கள் கொல்லிமலை ஓரி, பேகன், ஆய், நள்ளி எல்லோரும் வருகிறார்கள். அந்த வரிசையில் கூர்வேல் ஏந்தியவனாக எழினியும் வருகிறான். எழினி என்பது தகடூர் அதியமான்களின் குடியில் வழங்கிய பெயர். தகடூர் இன்றைய தர்மபுரி. பாரி, ஓரி, காரி, நள்ளி, அஞ்சி எல்லாமே இகரத்தில் முடியும் ஆண் பெயர்கள்தான். ‘இ’யில் முடிந்தால் பெண் என்பது நம் காதுக்கு இப்போது வந்த பழக்கம்.

தமிழாசிரியர்_அவிநாசி:
பழைய பெயர் என்பதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் சிலப்பதிகாரத்தில் ‘ஒருமுக எழினி’ என்றால் மேடைத் திரை. அதையும் தெரிந்துகொண்டு வையுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. தமிழ் ஆணையும் பெண்ணையும் பிரித்துச் சொல்லும் மொழி. ‘னஃகான் ஒற்றே ஆடூஉ அறிசொல்’, அதாவது சொல்லின் கடைசியில் ‘ன்’ வந்தால் ஆண் என்கிறது தொல்காப்பியம். பெயரில் மறைத்தாலும் அடுத்த சொல்லில் ‘வந்தான்’ என்று வெளிப்பட்டுவிடும். பிறகு மறைத்து என்ன பயன்? இன்னொன்று, பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரை எடுப்பவன். நம் பக்கம் மூத்த பேரனுக்கு அப்பாரு பெயர் வைப்பது இன்றும் இருக்கிறது. பெரியவர்களின் அந்த ஆசையைத் தட்டிவிடாதீர்கள். அது முடியாதென்றால் ‘எழிலன்’ என்றாவது வையுங்கள், உங்களுக்கும் நிறைவு, அவர்களுக்கும் நிறைவு.

நொய்யல்அம்மிணி:
ஐயா, நீங்கள் சொன்ன சூத்திரம் எங்கள் பக்கம்தான் பேசுகிறது. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று வினையே சொல்லிவிடும்போது பெயரும் அதையே ஏன் இன்னொரு தடவை சொல்ல வேண்டும்? ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் பாலினத்துக்குத் தனி இடம் இருக்கிறது. பாரதி என்றால் கலைமகள். அந்தப் பெயரோடு ஒருவர் 1921-இல் ஈரோடு கருங்கல்பாளையத்துக்கு வந்து பேசினார். மீசை வைத்த மனிதருக்கு அம்மன் பெயரா என்று நாம் யாரும் கேட்டதில்லை. இன்று அந்தப் பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருக்கிறது.

ஜோதி அண்ணா, நீங்கள் பட்டது நிஜம். படிக்கும்போது எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் வகுப்பு சிரித்தது எதற்காக? பையனுக்குப் பெண் பெயர் இருப்பது இழிவு என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் முதலில் வந்தது சேலத்துக்குத்தான். பெண் சிசுவை உயிரோடு விடுங்கள் என்று அரசாங்கம் தொட்டில் வைத்துக் கேட்க வேண்டியிருந்த பூமி இது. இங்கே உட்கார்ந்துகொண்டு ‘பொம்பளப் பேரு’ என்பதை வசையாகச் சொல்வது எனக்கு வலிக்கிறது. பெயருக்குப் பின்னால் சாதியை வெட்டச் சொல்லி 1929-இல் செங்கல்பட்டில் தீர்மானம் போட்ட இயக்கத்தை நடத்தியவர் ஈரோட்டுக்காரர். பெயரைக் கேட்டதும் ஆளை எடைபோடும் பழக்கத்தை அன்றைக்கு ஒரு பக்கம் விட முடிந்தது என்றால் இதையும் விடலாம்.

மஞ்சள்மண்டி:
அம்மிணி, நீ சொல்வது சரி. பிள்ளைகள் சிரித்தது தப்புதான். ஆனால் அந்தத் தப்பைத் திருத்தும் வேலையை ஆறு வயதுப் பையன் தலையில் வைக்கலாமா? இதைத்தான் நான் கேட்கிறேன். இன்னொன்றும் சொல்கிறேன். பொதுப் பெயர் வேறு, இன்றைக்குப் பெண் பெயராகக் காதில் விழும் பெயர் வேறு. முத்து, மணி, தங்கம், அன்பு, தமிழ் எல்லாம் இருபாலருக்கும் இருக்கின்றன, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எழினி ராசா பெயராகவே இருக்கட்டும். புறநானூறு படித்துவிட்டு வந்தா இரண்டாம் வகுப்புப் பையன் கேலி செய்வான்?

கொல்லித்தேன்:
நாலு பையன்களுக்கு வைத்தால்தானே அது பையன் பெயராகவும் ஆகும் அண்ணா? யாராவது ஒருவர் முதலில் வைக்க வேண்டும்.

மஞ்சள்மண்டி:
அந்த முதல் ஆளாக நான் இருந்திருக்கிறேன் தம்பி. அதனால்தான் சொல்கிறேன்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. ஜோதி அண்ணன் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு நாள் நாங்கள் பெயரைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆசிரியர் ஐயா அப்பாரு பெயரைச் சொன்னதும் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் பூர்வீகம் திருச்செங்கோடு. என் அப்பாவின் அப்பா பெயர் அர்த்தநாரி. மலைமேல் சாமியே வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண். அந்தப் பக்கம் எத்தனையோ ஆண்களுக்கு அர்த்தநாரி என்று பெயர். நாரி என்றால் பெண் என்று அந்த ஊரில் ஒருவரும் சிரிப்பதில்லை. நேற்று ராத்திரி அப்பாவிடம் இதைச் சொன்னேன். பதில் சொல்லாமல் எழுந்து தொட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, “எளினி” என்றார். சரியாக வரவில்லை என்று அவருக்கே தெரிந்து, திரும்பவும் சொல்லிப் பார்த்தார். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். எழினி என்றே பதியப் போகிறோம். 12 மாதத்துக்குள் என்றால் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லையாம்.

மஞ்சள்மண்டி:
முடிவு செய்துவிட்டீர்கள், நல்லா இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் பாலினம் சரியாக இருக்கிறதா என்று வாங்கிய இடத்திலேயே நின்று பாருங்கள். பள்ளியில் சேர்க்கும் அன்று வகுப்பு ஆசிரியரை நேரில் பார்த்து, வருகைப் பதிவேட்டில் எந்தப் பக்கம் எழுதியிருக்கிறார் என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள். எனக்கு அதை யாரும் செய்யவில்லை.