பிளஸ் ஒன் வேதிப் பிணைப்பு: ஓரிடத்தில் நிற்கிறோம், உதவுங்கள்

வணக்கம். பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். தம்பிக்குத் திங்கட்கிழமை வேதியியல் தேர்வு, தமிழ் வழி.

களிமண் உருண்டையில் ஈர்க்குச்சிகளைச் செருகி மீத்தேன் செய்தோம். பிணைப்புகளுக்கு இடையிலான 109.5 டிகிரி கோணம் அவனுக்குக் கையிலேயே பிடிபட்டுவிட்டது. அம்மோனியாவில் 107, தண்ணீரில் 104.5 என்று கோணம் சுருங்குவதையும், பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான் இரட்டைகளின் விலக்கத்தை வைத்து அழகாகச் சொல்கிறான்.

சிக்கல் மூலக்கூறு ஆர்பிட்டாலில்தான், அதாவது அணுக்கள் சேர்ந்தபின் எலக்ட்ரான்கள் மூலக்கூறு முழுவதும் பரவியிருக்கும் நிலைகளில். ஆற்றல் வரிசையில், ஆக்சிஜனில் 2பி சிக்மா ஆர்பிட்டால் கீழே, பை ஆர்பிட்டால் மேலே, நைட்ரஜனில் தலைகீழ். அணுவின் 2எஸ், 2பி ஆர்பிட்டால்களின் ஆற்றல் நெருக்கம் காரணம் என்று படித்தேன். எனக்கே விளங்காததை அவனுக்கு எப்படிச் சொல்வேன்? வெறுமனே மனப்பாடம் செய்யச் சொல்ல மனம் வரவில்லை.

வேதியியல் ஆசிரியர்கள் யாராவது எளிய தமிழில் விளக்குவீர்களா? தருமபுரியில் இருந்தால் ஞாயிறன்று அவனை நேரிலேயே அழைத்து வருகிறேன்.