பின்சக்கர ரோட்டாரும் கேலிப்பரும் கழலாமல் இறுகிவிட்டன: எங்கிருந்து தொடங்குவது?

தஞ்சோங் தோக்கோங் வாசி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2008-ஆம் ஆண்டின் ஹோண்டா சிவிக் 1.8, ஆட்டோ கியர். எங்கள் அடுக்குமாடியில் கூரையுள்ள நிறுத்துமிடம் கிடைக்காததால், கார் பல ஆண்டுகளாகக் கடலைப் பார்த்த திறந்தவெளியிலேயே நிற்கிறது. உப்புக்காற்று என்ன செய்யும் என்பதைப் பினாங்கில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பின்சக்கரங்கள் இரண்டிலும் தொல்லை இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே தொல்லை இல்லை. இடப்பக்கத்தில் கேலிப்பரும் (பேட்டை அழுத்தும் பகுதி) அதைத் தாங்கும் பிராக்கெட்டும் எளிதாகக் கழன்றுவிட்டன, ரோட்டார் (பிரேக் தட்டு) மட்டும் ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கிறது. அதைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரூக்களில் ஒன்று வந்துவிட்டது. மற்றொன்றின் தலை தேய்ந்து, ஸ்குரூ டிரைவர் வழுக்குகிறது. வலப்பக்கத்தில் சற்றுத் தொலைவு ஓட்டினாலே சக்கரம் கொதித்து, பேட் கருகும் வாடை வருகிறது. ஜாக்கில் தூக்கி வைத்தாலும் கையால் சுழற்ற முடியவில்லை.

அருகிலுள்ள பட்டறையின் போர்மேன் இருபக்கமும் ரோட்டார், கேலிப்பர், பேரிங் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்கிறார். தேவையென்றால் மாற்றுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் எது கெட்டது என்று தெரியாமலே எல்லாவற்றையும் மாற்ற மனம் ஒப்பவில்லை. காரை அக்காள் மகன் பெயருக்கு மாற்ற எண்ணியிருப்பதால், வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாக்கோமில், பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனைக்கும் கொண்டுபோக வேண்டும். அங்கே பிரேக்கை உருளைமேல் ஏற்றிச் சோதிப்பார்கள். ஜாக் ஸ்டாண்டுகளும் வழக்கமான ஸ்பேனர்களும் சுத்தியலும் என்னிடம் உண்டு. வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பிறை பட்டறைக்காரர்:

தம்பி, சுத்தியலைச் சிறிது நேரம் ஓரமாக வையுங்கள். இடப்பக்கம் வெறும் துரு. அதற்குப் பொறுமை போதும். வலப்பக்கம் அப்படியன்று, அங்கே எது பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகே கழற்ற வேண்டும்.

வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, கியரை பி-யில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை முழுவதுமாக இறக்கிவிடுங்கள். உங்கள் காரில் ஹேண்ட்பிரேக் கேபிள் நேராகப் பின்கேலிப்பரின் நெம்புகோலில்தான் மாட்டியிருக்கிறது. ஆகவே அதை ஏற்றி வைத்துக்கொண்டு கேலிப்பரோடு போராடுவதில் பயனில்லை. முதலில் அந்த நெம்புகோல் தன் நிறுத்தத்தைத் தொடும்வரை பின்னால் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராமல் இருந்தால் கேபிளைக் கழற்றுங்கள். கழற்றியவுடன் நெம்புகோல் திரும்பிச் சக்கரமும் சுழன்றால், உறைக்குள் துருப்பிடித்த கேபிள்தான் குற்றவாளி. கேலிப்பரைத் தொடவே வேண்டாம். கேபிள் போன பிறகும் நெம்புகோல் அங்கேயே நின்றால், அதன் தண்டு கேலிப்பருக்குள் இறுகியிருக்கிறது.

நெம்புகோல் சரியாகத் திரும்பியும் சக்கரம் சுழலவில்லையென்றால், கேலிப்பரிலிருந்து காற்றை வெளியேற்றும் பிளீடர் ஸ்குரூவைச் சற்றே தளர்த்துங்கள். திரவம் பீறிட்டு வந்து சக்கரமும் விடுபட்டால், அழுத்தம் உள்ளேயே சிறைப்பட்டிருந்தது என்று பொருள். ஒரு சக்கரத்தில் மட்டும் இப்படி நடப்பதற்குப் பெரும்பாலும் ரப்பர் ஹோஸ்தான் காரணம்: வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்சுவர் உப்பிக்கொண்டு, மிதிக்கும்போது திரவத்தை விட்டுவிட்டுத் திரும்பும்போது தடுத்துவிடும். இந்த நிலையில் கேலிப்பரை மாற்றியவர்கள் அடுத்த மாதமே அதே வாடையோடு திரும்பி வருவார்கள். பிளீடரைத் திறந்தும் எதுவும் மாறவில்லையென்றால், எஞ்சியவை கேலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின்னும் பேட்டைத் தள்ளும் பிஸ்டனும்தான். ஒன்று கவனம்: பிளீடர் ஸ்குரூ உள்ளே துளையுள்ளது, எளிதில் முறியும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, தலையின் ஆறு முகங்களையும் பற்றும் சாக்கெட்டால் திருப்புங்கள்.

கேலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். ஸ்லைடு பின் இரண்டும் கையால் வழுக்கி வர வேண்டும். வராதது எதுவோ அதை வெளியே எடுத்து, துருவைத் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸைப் பூசுங்கள். பேரிங் கிரீஸ் கூடாது, கனிம எண்ணெய் பட்டால் பின்னை மூடியிருக்கும் ரப்பர் உப்பிவிடும்.

பிஸ்டன் பற்றி ஒரு எச்சரிக்கை. முன்பக்கத்தில் செய்வதுபோல ஜி-கிளாம்ப் வைத்து அழுத்தாதீர்கள். ஹேண்ட்பிரேக் பொறி உள்ளே இருப்பதால் இந்தப் பிஸ்டன் புரியில் இயங்குகிறது. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் உள்ளே போகும். அழுத்தினால் பொறி உடையும். பூட்டும்போது பிஸ்டன் முகத்திலுள்ள பள்ளம், பேட்டின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முனைக்கு நேராக வர வேண்டும்.

இனி இடப்பக்க ரோட்டார். அந்த ஸ்குரூக்கள் ஜப்பானிய ஜேஐஎஸ் வகையைச் சேர்ந்தவை. சாதாரண பிலிப்ஸ் முனை சரியாக உட்காராமல் தலையைத் தின்றுவிடும். சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் இம்பேக்ட் டிரைவர் ஒன்றை 3-ஆம் எண் முனையோடு வாங்கி முயன்று பாருங்கள். அதுவும் வழுக்கினால், 8 மி.மீ. டிரில்லால் தலையை மட்டும் குடைந்து எடுங்கள். ரோட்டார் வந்த பிறகு, நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் பூட்டுக் குறடால் பிடித்துத் திருப்பலாம். தலையின் இறுக்கம் போய்விட்டதால் பெரும்பாலும் எளிதாகவே வரும். ஓட்டத்தின்போது ரோட்டாரைப் பிடித்து வைப்பது வீல் நட்டுகள்தான், இந்த ஸ்குரூ இல்லை. ஆகவே ஒன்று போனால் கலங்க வேண்டாம்.

ஸ்குரூ போனதும் ரோட்டார் முகத்தில் புரியுள்ள இரண்டு துளைகளைப் பாருங்கள். அவை கழற்றுவதற்கென்றே விடப்பட்டவை. 8 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. புரி இடைவெளியும் கொண்ட போல்ட்டுகளை இரண்டிலும் முடுக்கி, ஒன்றில் கால் சுற்று, மற்றதில் கால் சுற்று என்று மாறிமாறி இறுக்குங்கள். இறுக்கமான நிலையில் வீல் போல்ட்டுகளுக்கு இடையே, ரோட்டாரின் நடுமேட்டில், சுற்றிச்சுற்றித் தட்டினால் துரு உடைந்து விடுபடும்.

செந்தூல் வாசகர்:

மேலே சொன்னவை சிவிக்குக்குப் பொருந்தும். பழைய டொயோட்டா கேம்ரி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக் குழம்பக்கூடும் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். கேம்ரியின் பின் ரோட்டாருக்குள்ளேயே ஒரு சிறு டிரம் இருக்கிறது. ஹேண்ட்பிரேக் ஷூக்கள் அதற்குள் விரிகின்றன. டிரம்மின் உள்விளிம்பு தேயாமல் மேடாக நின்றால், ஷூ அதில் கொளுவிக்கொண்டு ரோட்டாரை விடாது. அங்கே போல்ட் வைத்துத் தள்ளினால் ஷூவின் பிடிப்பான்கள்தான் பிய்ந்து வரும். ரோட்டாரிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, துளை வழியாகப் பற்சக்கரத் திருகியைப் பின்னால் சுற்றி ஷூக்களைச் சுருக்கிய பிறகே இழுக்க வேண்டும்.

புரித்துளையே இல்லாத ரோட்டாருக்கும் வழி உண்டு. பிராக்கெட் மாட்டியிருந்த துளை வழியாக நீண்ட போல்ட் ஒன்றைச் செலுத்தி, நட்டு வைத்து, அதன் முனை ரோட்டாரின் பின்பக்கத்தை அழுத்தும்படி இறுக்கலாம். ரோட்டாரை ஆறில் ஒரு பங்கு திருப்பி மீண்டும் அழுத்துங்கள். எதற்கும் அசையாவிட்டால் கேஸ் டார்ச்சால் நடுமேட்டைச் சூடாக்குவதுதான் என் வழக்கம்.

பிறை பட்டறைக்காரர்:

பின்போல்ட் உத்தி அருமையானது, செந்தூல் ஐயா. ஆனால் நெருப்பை நான் வீட்டு வாசலில் பரிந்துரைக்க மாட்டேன். ஹப்புக்குப் பின்னால் பேரிங்கின் ரப்பர் சீலும் ஏபிஎஸ் சென்சாரும் இருக்கின்றன. சூடு அங்கே போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. அதைவிட முக்கியம், குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் சுடர் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருப்பது மலிவானது.

தஞ்சோங் தோக்கோங் வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. இடப்பக்க ரோட்டார் போல்ட்டுகளை முடுக்கியதும் வெடிச்சத்தத்தோடு விடுபட்டது. தேய்ந்த ஸ்குரூவை டிரில்தான் எடுத்தது. வலப்பக்கத்தில் கேபிளைக் கழற்றியும் நெம்புகோல் திரும்பவில்லை. பிஸ்டனின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே செந்துருவாக இருக்கிறது. பழைய கார்களின் உதிரிப்பாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் ஒரு கேலிப்பர் கிடைக்கிறது, வாங்கலாமா, அண்ணா? பேரிங்கை மாற்ற வேண்டுமா?

பிறை பட்டறைக்காரர்:

அப்படியானால் அந்தக் கேலிப்பர் போய்விட்டது, தம்பி. அதன் உட்பொறியைப் பிரிக்கத் தனிக்கருவி வேண்டும், வீட்டில் முயல வேண்டாம். ஹாஃப்கட் கேலிப்பரும் அதே வயதுடையதுதான் என்பதை மறக்காமல், கடையிலேயே நெம்புகோலை அசைத்துப் பார்த்து, பிஸ்டன் உறையையும் சோதித்து வாங்குங்கள். சீலை மாற்றிப் பூட்டச் சொன்னால் இன்னும் நல்லது. பக்கம் மாற்றித் தந்துவிட்டார்களா என்றும் பாருங்கள்: பூட்டிய நிலையில் பிளீடர் மேலே இருக்க வேண்டும், கீழே வந்தால் காற்று வெளியேறாது. ஹோஸ் மாட்டும் போல்ட்டுக்கு இருபுறமும் புதிய வாஷர்கள் போட்டு, டாட் 3 அல்லது டாட் 4 திரவத்தால் காற்றை எடுங்கள்.

பேரிங் சக்கரத்தைப் பிடித்து ஆட்டும்போது ஆடாமலும் சுழற்றும்போது இரையாமலும் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். ரோட்டாரை மட்டும் இருபக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் புஸ்பாக்கோம் உருளையில் இடமும் வலமும் வேறுபட்டுக் காட்டும். புதிய ரோட்டாரின் காப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் கழுவுங்கள். அதற்கு முன் ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்த்து, மீண்டும் இறுகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையை மிக மெல்லியதாகத் தடவுங்கள். துருத் துணுக்கு ஒன்று அங்கே தங்கினாலும் ரோட்டார் சாய்ந்து உட்கார்ந்து, மிதிக்கும்போது பெடல் அதிரும். வீல் நட்டு 108 நியூட்டன் மீட்டர்.

காரை இறக்கிய பிறகு, நகர்த்துவதற்கு முன்பே பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். ஹேண்ட்பிரேக்கையும் பலமுறை ஏற்றி இறக்கி, இரு நெம்புகோல்களும் நிறுத்தத்துக்குத் திரும்புகின்றனவா என்று பார்த்துக் கேபிளைச் சரிசெய்யுங்கள். பிறகு வண்டிகள் குறைவாக ஓடும் சமதளச் சாலையில் மிதமான வேகத்தில் சில முறை மெதுவாகப் பிடித்துப் பேட்டைப் பதியவிட்டு, இரு பின்சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பாலிக் பூலாவ் மலைப்பாதைக்கே கொண்டுபோகலாம்.