இறக்கிய ஃபேடர் ஏறிக்கொண்ட கதை: மூவரின் வால்யூம் என்வலப் அனுபவங்கள்

பாட்டின் ஒலித்தடங்களைச் சமன்செய்து கலக்கும் மிக்ஸிங் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில், குரல் டிராக்கின் ஃபேடரை, அதாவது சத்தத்தை ஏற்றி இறக்கும் நகர்த்தியை, மட்டும் 2 டெசிபல் இறக்கிவிட்டுப் பாட்டை முதலிலிருந்து ஓட்டினேன். ஓடத் தொடங்கியதுமே ஃபேடர் பழைய இடத்துக்கு ஏறிக்கொண்டது. மூன்று முறை இறக்கியும் அதே கதைதான். மென்பொருளில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அதை மூடித் திறந்து, கணினியையும் அணைத்துப் போட்ட பிறகே, முந்தைய நாள் நானே அந்த டிராக்கில் வால்யூம் என்வலப், அதாவது எந்த இடத்தில் எவ்வளவு சத்தம் என்று சொல்லும் கோடு, வரைந்திருந்ததும், டிராக் ரீட் நிலையில் இருந்ததும் நினைவுக்கு வந்தன. ரீட் நிலையில் ஃபேடர் நம் கைக்குக் கட்டுப்படாது. வரைந்த கோட்டுக்குத்தான் கட்டுப்படும். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் டிரிம்/ரீட் என்றொரு நிலை உண்டு. அதில் கோட்டின் ஏற்ற இறக்கங்கள் அப்படியே இருக்க, ஃபேடரை நகர்த்தும் அளவு மட்டும் மொத்தத்தில் கூடும் அல்லது குறையும். அந்த வசதி இல்லாத இடத்தில், எஃபெக்ட் வரிசையின் கடைசியில் சத்த அளவை மட்டும் மாற்றும் ஒரு கெயின் பிளகினைப் போட்டு வேலையை முடித்துக்கொள்கிறேன்.

* * *

என்னை அலைக்கழித்தது ஃபேடர் அன்று, வரம்பைத் தாண்டும் சத்தத்தை அமுக்கும் கம்ப்ரஸர். பல்லவியின் கடைசி வரியில் பாடகர் மைக்கை நெருங்கி உச்சக் குரலில் பாடியிருந்தார். 4:1 விகிதத்தில், அதாவது வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு 4 டெசிபலையும் 1 டெசிபலாக்கும்படி, வைத்திருந்த கம்ப்ரஸர் அங்கே 9 டெசிபல் வரை அமுக்கியது. என்வலப்பில் அந்த வரியை 4 டெசிபல் இறக்கினேன். சத்தம் குறைந்ததே தவிர, கழுத்தைப் பிடித்தாற்போன்ற அந்த நெரிசல் போகவில்லை. ரீப்பரின் வழக்கமான வால்யூம் என்வலப் எஃபெக்ட்டுகளுக்குப் பின்னால்தான் வேலை செய்கிறது என்பதையும், அதற்குள் கம்ப்ரஸர் குரலை அமுக்கி முடித்திருக்கும் என்பதையும் நான் யோசிக்கவே இல்லை. அதே 4 டெசிபலை, எஃபெக்ட்டுகளுக்கு முன்னாலேயே வேலை செய்யும் ப்ரீ எஃப்எக்ஸ் என்வலப்பில் இறக்கியதும், அமுக்கம் 6 டெசிபலாகத் தளர்ந்து குரல் மூச்சு விட்டது. ஆனால் வெளியே வரும் சத்தம் 1 டெசிபல்தான் குறைந்திருந்தது. மிச்சத்தைப் பின்னாலுள்ள என்வலப்பில் இறக்க வேண்டியிருந்தது. ஒரு வரிக்கு இரண்டு என்வலப்பா என்று கேட்பவர்கள், ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

* * *

என் அனுபவம் சிறியது, வலி பெரியது. பாட்டு ஓடும்போது ஃபேடரின் அளவை என்வலப் கோட்டில் எழுதிக்கொண்டே போகும் ரைட் நிலையிலேயே டிராக்கை விட்டுவிட்டு, "சும்மா கேட்டுப் பார்ப்போம்" என்று பாட்டை முழுவதும் ஓட்டினேன். இரண்டு மணி நேரம் அந்தக் கோட்டில் சொல் சொல்லாக வைத்த புள்ளிகள் அனைத்தும் அழிந்து, அசையாமல் நின்ற ஃபேடரின் அளவில் ஒரே நேர்க்கோடு எழுதப்பட்டிருந்தது. அதைக் கவனிக்காமல் சேமித்து மூடியும் விட்டேன், அன்டூவுக்கும் வழியில்லை. இப்போது டச் நிலையைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. அதில் ஃபேடரைப் பிடித்திருக்கும் வரைதான் புதிதாக எழுதும். கையை எடுத்ததும் பழைய கோட்டுக்கே திரும்பிவிடும். பாட்டை ஓட்டும் முன் டிராக்கின் நிலையை ஒருமுறை பார்த்துக்கொள்வதும் பழக்கமாகிவிட்டது.